மருந்து இல்லாத ஊசி

சபையாருக்கு ஸ்தோத்திரம். நான் எழுதி வைத்துக்கொண்டு படிக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். வாயால் சொன்னால் பாதியை விழுங்கிவிடுவேன். ஒருமுறை இதே இடத்தில் நின்று அப்படி விழுங்கியிருக்கிறேன். அதையும் இன்றைக்குச் சொல்ல வேண்டும்.

நான் ஊசிக்கு அடிமையாக இருந்தவள்.

இந்த ஹெலன் சிஸ்டர் ஆம்பூரில் நர்ஸாக இருந்தாள், உடம்பு சரியில்லாமல் வேலையை விட்டாள், இப்போது குடிநோயாளிகளுக்கு ஆலோசகராக இருக்கிறாள். உங்களுக்குத் தெரிந்தது இவ்வளவுதான். நடுவில் நடந்தது இந்தச் சபையில் என் கணவருக்கும் இன்னும் சிலருக்கும் மட்டுமே தெரியும்.

என் மகள் பெர்சி பிறந்தது 1995-இல். ஆபரேஷன் செய்துதான் எடுத்தார்கள். அதற்குப் பிறகு முதுகுவலி என்னை விடவில்லை. ஆம்பூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் அப்போது எனக்கு வேலை. சின்ன இடம்தான். ஆனால் சுற்றுப்பக்கத்தில் தோல் பதனிடுகிற டேனரிகளில் யாருக்கு அடிபட்டாலும் முதலில் எங்களிடம்தான் தூக்கி வருவார்கள். நாள் முழுக்க நிற்க வேண்டும். ஒரு நாள் வலி தாங்காமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கூட வேலை பார்த்தவள், "ஒரு பேஷன்டுக்கு வலி ஊசி பாதிதான் போட்டேன். மீதி இருக்குது. போட்டுக்கோ, சரியாய்டும்" என்றாள்.

போட்டுக்கொண்டேன். வலி போனது. வலி மட்டும் போயிருந்தால் இந்தக் கதையே இல்லை. பயமும் போனது, களைப்பும் போனது. குழந்தையின் அழுகைகூட அடுத்த தெருவில் யாரோ அழுவதுபோல் கேட்டது.

முதலில் வாரத்துக்கு ஒருமுறை. பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள். ஒரு வருஷத்துக்குள் தினமும். இடது தொடை மரக்கட்டை போல இறுகிப்போனது. ஊசி உள்ளே இறங்காது, வலது தொடைக்கு மாறினேன். ஞாயிற்றுக்கிழமை பாடகர் குழுவில் நிற்கும்போது இரண்டு காலும் விண்விண் என்று தெறிக்கும். வாய் பாடிக்கொண்டே இருக்கும். என் கணவர் சாமுவேல் ஷூ கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். ஒரு ஆணி குறைந்தாலும் கண்டுபிடிக்கிறவர். அவருக்கே தெரியாமல் இரண்டு வருஷம் மறைத்தேன்.

இனி சொல்லப்போவதுதான் கஷ்டமான பகுதி.

1997 கோடையில் முனிரத்தினம் என்று ஒருவரைத் தூக்கி வந்தார்கள். முப்பது வயதிருக்கும். துத்திப்பட்டுப் பக்கம் ஒரு டேனரியில் வேலை. தோல் ஊறவைத்துச் சுற்றுகிற டிரம்மின் பெல்ட்டில் வலது கை மாட்டிக்கொண்டது. இரண்டு விரல் போய்விட்டது, மணிக்கட்டு நசுங்கியிருந்தது. காலையிலும் சாயங்காலமும் வலி ஊசி போடச் சொல்லி டாக்டர் எழுதினார்.

மூன்று நாள் பகல் டியூட்டி எனக்கு, இரண்டு வேளை ஊசியும் என் கையில்தான். அந்த மூன்று நாளும் அவருக்கு வந்த மருந்தை நான் போட்டுக்கொண்டேன். அவருக்குப் போட்டது சுத்தமான தண்ணீர். சார்ட்டில் "கொடுக்கப்பட்டது" என்று எழுதி என் கையெழுத்தைப் போட்டேன்.

"சிஸ்டர், இன்னா ஊசி போட்டீங்க? ஒண்ணுமே தெரியலயே" என்று கேட்டார்.

"கொஞ்ச நேரம் ஆவும்ணா. பொறுத்துக்கோங்க" என்றேன்.

அவர் கத்தினார். பக்கத்துக் கட்டில்காரர்கள் எழுந்து வெளியே போனார்கள். அவர் மனைவி வசந்தா வாசலில் நின்று, "இன்னொரு ஊசி போடுங்க சிஸ்டர்" என்று கெஞ்சினாள். "இப்பதாம்மா போட்டேன். ஜாஸ்தி போடக் கூடாது" என்றேன். அப்படிச் சொல்லும்போது எனக்குள் ஒரு சலனமும் இல்லை. அதுதான் அந்த மருந்தின் வேலை.

அடுத்த மாதமே பிடிபட்டேன். துணி வைக்கிற அறையில் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டேன். மேட்ரன் வந்து எழுப்பினார். என் பையில் உடைத்த மருந்துக் குப்பிகள் இருந்தன. பெரிய டாக்டர் என்னை நிற்க வைத்து, "போலீஸுக்குப் போனா ஆஸ்பத்திரி பேர் கெட்டுடும். ராஜினாமா எழுதிக் குடுத்துட்டுப் போ" என்றார். எழுதிக் கொடுத்தேன். எந்த நோயாளிக்கு மருந்து போகவில்லை என்று அங்கே யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

சாமுவேலிடம் சொன்னபோது அவர் என்னைத் திட்டவில்லை. தொடையைக் காட்டச் சொன்னார். பார்த்துவிட்டு வெளியே போய்த் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் நின்று வாந்தி எடுத்தார்.

வீட்டிலேயே நிறுத்திவிடலாம் என்று நினைத்தோம். முதல் நாள் கொட்டாவியும் மூக்கில் தண்ணீரும். இரண்டாம் நாள் எலும்புக்குள் யாரோ கம்பி விட்டுக் குடைவதுபோல. உடம்பெல்லாம் புல்லரித்து நிற்கும், குளிரும், வயிறு போகும். மூன்றாம் நாள் கதவைத் திறக்கச் சொல்லி அவர் காலைப் பிடித்தேன். அவர் முழங்காலில் நின்று ஜெபம் செய்துகொண்டிருந்தார். நான் செய்யவில்லை. எனக்கு ஆண்டவர் தேவைப்படவில்லை, ஊசிதான் தேவைப்பட்டது. நான்காம் நாள் அவர் என்னை வேலூருக்கு அழைத்துக்கொண்டு போய் மனநல வார்டில் சேர்த்தார்.

அந்த வார்டில் மற்ற எல்லோரும் ஆண்கள். நான் ஒருத்திதான் பெண். எனக்கு ஆலோசனை சொல்ல வந்தது கல்லூரி முடித்து ஆறு மாதம்கூட ஆகாத ஒரு பெண். "இது எப்பதான் சரியாகும்?" என்று அவளிடம் கத்தினேன். "எனக்குத் தெரியலக்கா. ஆனா நாளைக்கு இதே நேரத்துக்கு வர்றேன்" என்றாள். சொன்னபடியே வந்தாள். அதற்கு அடுத்த நாளும் வந்தாள். எனக்கு யாரும் இப்படி உண்மையாகப் பதில் சொல்லி வெகுநாள் ஆகியிருந்தது. இந்த வேலையை நானும் செய்ய வேண்டும் என்கிற ஆசை அங்கேதான் விழுந்தது. வாய்விட்டுச் சொல்ல வெட்கமாக இருந்ததால் பல வருஷம் உள்ளேயே வைத்திருந்தேன்.

கர்த்தர் கிருபையாக என்னை நடத்தினார். ஒரு வருஷம் போனது, இரண்டு வருஷம் போனது. பெர்சி பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தாள். ஆனால் நிம்மதி என்று சொல்ல மாட்டேன். மருந்துக் கடையைத் தாண்டும்போது தெருவின் மறுபக்கம் போய்விடுவேன். யாராவது "சிஸ்டர், எப்படி இருக்கீங்க?" என்று கேட்டால் அவர்கள் முகத்தையே உற்றுப் பார்ப்பேன். தெரிந்துதான் கேட்கிறார்களோ?

2001-இல் ஆலோசகர் பயிற்சிக்குச் சேர்ந்தேன். வாரம் மூன்று நாள் ஆம்பூரிலிருந்து காட்பாடிக்கு ரயில். ஒரு நாள் வகுப்பில் நடித்துக் காட்டச் சொன்னார்கள். ஒருவர் ஆலோசகர், ஒருவர் பொய் சொல்கிற நோயாளி. எனக்கு நோயாளி வேஷம் வந்தது. நான் சொன்ன பொய்களைக் கேட்டு வகுப்பே கைதட்டியது. "எங்க கத்துக்கினீங்க சிஸ்டர் இதெல்லாம்?" என்று பக்கத்தில் இருந்தவர் சிரித்தார். ரவிக்கை முழுக்க வேர்வையில் நனைந்துவிட்டது. குடியிலிருந்து மீண்ட இரண்டு பேர் எங்கள் வகுப்பிலேயே இருந்தார்கள். எல்லோர் முன்னாலும் அதைச் சொல்லிக்கொண்டார்கள், அவர்களுக்கு மரியாதைதான் கூடியது. எனக்கு மட்டும் வாய் வரவில்லை. ஆண் குடித்தான் என்றால் திருந்திவிட்டான் என்பார்கள். நர்ஸ் மருந்தைத் திருடினாள் என்றால் என்ன சொல்வார்கள்?

பயிற்சி முடிந்தது. ஆம்பூரை ஒட்டி ஒரு மறுவாழ்வு மையத்தில் பெண் ஆலோசகர் தேவை என்று கேள்விப்பட்டு எழுதிப் போட்டேன். முன்பு வேலை செய்த இடத்திலிருந்து நன்னடத்தைக் கடிதம் வாங்கி வரச் சொன்னார்கள்.

இரண்டு வாரம் சாப்பாடு இறங்கவில்லை. உபவாசம் இருந்தேன். "ஆண்டவரே, அந்த விஷயம் அந்தக் கடிதத்தில் வராமல் செய்யும்" என்று கேட்டேன். இதைத்தான் கேட்டேன், இதே வார்த்தைகளில். பெரிய டாக்டர் என் முகத்தைப் பார்க்காமலேயே எழுதிக் கொடுத்தார். "நேர்மையானவர், பொறுப்பானவர்." வேலை கிடைத்தது. 2002 ஜனவரியில் நான் இங்கே நின்று, கர்த்தர் எனக்கு வாசலைத் திறந்தார் என்று சாட்சி சொன்னேன். நீங்கள் எல்லோரும் அல்லேலூயா சொன்னீர்கள். அதுதான் நான் பாதியை விழுங்கிய சாட்சி. அன்றைக்கு வீட்டுக்குப் போய் நான் சந்தோஷமாக இல்லை. கீழே விழப்போகிற பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டிருப்பதுபோல இருந்தது.

மூன்று மாதம் ஆனது. ஒரு திங்கட்கிழமை காலையில் மையத்துக்கு ஆட்டோவில் ஒருவரைக் கொண்டு வந்தார்கள். கண் மஞ்சளித்து, முகம் வீங்கி இருந்தது. நான் பதிவேட்டைத் திறந்து பெயர் கேட்டேன்.

"முனிரத்தினம்" என்றாள் கூட வந்த மனைவி.

வலது கையைப் பார்த்தேன். இரண்டு விரல் இல்லை.

வசந்தாவுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. அன்றைக்கு யூனிஃபார்மும் தொப்பியும் போட்டிருந்தேன், இப்போது பருத்திப் புடவை. அவருக்கும் தெரியவில்லை. மை வராததுபோல் பேனாவை உதறிவிட்டு, பெயரை எழுதினேன்.

வசந்தா சொல்லிக்கொண்டே போனாள். கை போன பிறகு டேனரியில் கூட்டுகிற வேலைதான் கொடுத்தார்கள். கையில் வலி நிற்கவே இல்லை. வலிக்காகக் குடிக்க ஆரம்பித்தார். இப்போது காலையில் கண் விழித்ததும் வேண்டும். போன மாதம் ஒரு நாள் நிறுத்திப் பார்த்தார், ஃபிட்ஸ் வந்து வாசல்படியில் விழுந்தார்.

பரிசோதித்த டாக்டர் என்னையும் டைரக்டர் ரோஸ்லின் மேடத்தையும் கூப்பிட்டுச் சொன்னார். "குடிய நிறுத்தினதும் இவருக்கு மறுபடியும் ஃபிட்ஸ் வரும். ஈரல் வேற மோசமா இருக்குது. இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள மருந்து உள்ள போய்டணும். இல்லன்னா உயிருக்கு நான் கேரண்டி இல்ல."

மாத்திரையைக் கொடுத்தோம். துப்பிவிட்டார். ஊசியோடு நர்ஸ் வந்ததும் கட்டிலை விட்டு எழுந்து சுவரோடு ஒட்டிக்கொண்டார். வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறோம் என்றால் கதவைப் பிடித்துக்கொண்டு தொங்கினார். நான்கு பேர் பிடித்தால் போட்டுவிடலாம்தான். "அப்படிப் போட்டா ஒரு வேளைக்குத்தான் போட முடியும். நாளைக்கு ஓடிப்போய் ரோட்ல செத்துடுவான்" என்றார் மேடம். "ஹெலன், நீ பேசிப் பாரு. உன் கேஸுதானே."

பேசிப் பார்த்தேன். "ஏண்ணா வேணாம்ங்கறீங்க?"

"என் ஒடம்புக்கு மருந்து ஏறாதும்மா" என்றார். "கை போனப்போ ஆஸ்பத்திரில மூணு நாளு ஊசி போட்டாங்க. எல்லாருக்கும் வேலை செய்யற ஊசி. எனக்குச் செய்யல. ஒரு சொட்டு வலி கொறையல. அன்னிக்கே தெரிஞ்சுகினேன், என் ஒடம்பு அப்படி. எனக்கு ஏறறது சாராயம் ஒண்ணுதான். என்ன விட்டுடுங்க."

நான் அறையை விட்டு வெளியே வந்தேன். பின்பக்கம், நோயாளிகளின் லுங்கிகளும் போர்வைகளும் காய்கிற இடத்துக்குப் போய் நின்றேன். ஐந்து வருஷமாக அந்த மனிதர் சுமந்துகொண்டிருந்தது நான் போட்ட தண்ணீர். அதை மருந்து என்று நம்பி, தன் உடம்பின்மேல் குற்றம் கண்டு, குடித்துக் குடித்து இங்கே வந்து கிடக்கிறார்.

அங்கே நின்று ஜெபம் செய்தேன். நல்ல ஜெபம் இல்லை. "ஆண்டவரே, அவர் மாத்திரையை விழுங்கட்டும். நான் வாயைத் திறக்காமலே விழுங்கட்டும்." உள்ளே போய் மறுபடியும் கொடுத்தேன். துப்பினார். வெளியே வந்து ஜெபித்தேன். மூன்றாவது முறையும் துப்பினார். மணி இரண்டானது. அவர் சட்டை வேர்வையில் நனைந்துவிட்டது. சுவரில் ஊர்கிற எதையோ விரலால் தட்டிவிட ஆரம்பித்தார். சுவரில் ஒன்றும் இல்லை. குடி நின்ற உடம்புக்கு ஜன்னி வரப்போகிற அடையாளம் அது.

கம்பெனி ஸ்டோருக்குப் போன் போட்டு சாமுவேலைக் கூப்பிட்டேன். எல்லாவற்றையும் சொல்லி, "சொல்லிடவாங்க?" என்றேன். மிஷின் சத்தத்துக்கு நடுவே, "சொன்னா வேல போய்டும். கேஸ் கூட போடுவாங்க" என்றார். பிறகு, "சொல்லலன்னா நீ இந்த வருஷமே மறுபடி ஊசி தேடுவ, ஹெலன். எனக்கு உன் வேல வேணாம். நீ வேணும்" என்றார். போனை வைத்துவிட்டு எழுந்தேன்.

ரோஸ்லின் மேடம் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன். நின்றுகொண்டே சொன்னேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். என்னை உட்காரச் சொல்லவில்லை.

"இத அவன்கிட்ட ஏன் சொல்லணும்? உன் மனசு லேசாவறதுக்கா, அவன் பொழைக்கறதுக்கா?"

"தெரியல மேடம். ரெண்டும்தான்னு நெனைக்கிறேன்."

"அப்ப முதல் விஷயத்த இங்கயே வெச்சுட்டுப் போ. அவன் முன்னால அழாத. மன்னிப்பு கேக்காத. அதச் சொமக்க இன்னிக்கு அவனுக்குத் தெம்பு இல்ல. நடந்தது இன்னான்னு மட்டும் சொல்லு. நானும் வர்றேன்."

வசந்தா கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். நான் அவருக்கு எதிரே ஸ்டூலில் உட்கார்ந்தேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல் கேட்டது.

"அண்ணா, உங்களுக்குக் கை போனப்போ அந்த ஆஸ்பத்திரில பகல் டியூட்டி பார்த்த நர்ஸ் நான்தான். அந்த மூணு நாளும் உங்களுக்கு நான் போட்ட ஊசில மருந்து இல்ல. தண்ணி. உங்களுக்கு வந்த மருந்த நான் போட்டுக்கினேன். எனக்கு அப்போ அந்தப் பழக்கம் இருந்துச்சு. அதனாலதான் உங்களுக்கு வலி கொறையல. உங்க ஒடம்புல ஒண்ணும் கோளாறு இல்ல."

"இன்னாடி சொல்ற?" என்று எழுந்தவள் வசந்தா. கையில் இருந்த எவர்சில்வர் டம்ளரை என்மேல் எறிந்தாள். தாடையில் பட்டது. அடுத்து என் முடியைப் பிடித்தாள். மேடம் நடுவில் வந்து அவளை அணைத்துப் பிடித்துக்கொண்டார். நான் ஸ்டூலை விட்டு எழவில்லை. அழக் கூடாது என்று நாக்கைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

முனிரத்தினம் என்னையே பார்த்தார். நான் சொன்னது அவருக்குள் இறங்கியதா, சுவரில் ஊர்கிறவற்றோடு சேர்ந்துவிட்டதா என்று தெரியவில்லை. "ஆண்டவரே, ஆண்டவரே" என்பதற்குமேல் எனக்கு ஜெபமும் வரவில்லை.

பிறகு அவர் கேட்டார். "அப்போ என் ஒடம்பு நல்ல ஒடம்புதானா?"

"நல்ல ஒடம்புதாண்ணா. மருந்து ஏறும்."

அவர் என்னை விட்டு மேடத்தின் பக்கம் திரும்பினார். "போடச் சொல்லு. ஆனா இந்தம்மா கை படக் கூடாது. மருந்த என் கண்ணு முன்னால ஒடைக்கணும்."

நர்ஸ் குப்பியைக் கொண்டு வந்து, பெயரைப் படித்துக் காட்டி, அவர் முகத்துக்கு முன்னாலேயே உடைத்து எடுத்தாள். அவர் இமைக்காமல் பார்த்தார். கையை நீட்டினார். நான் வெளியே வந்து வராந்தாவில் நின்றேன். அரை மணி இருக்கும். உள்ளேயிருந்து குறட்டைச் சத்தம் கேட்டது.

சபையாரே, நான் எத்தனையோ பாட்டு கேட்டிருக்கிறேன், பாடியும் இருக்கிறேன். அந்தக் குறட்டையைப்போல் ஒன்றை நான் கேட்டதில்லை. தரையில் உட்கார்ந்து, அப்போதுதான் அழுதேன்.

ஃபிட்ஸ் வரவில்லை. பத்து நாளில் எழுந்து நடந்தார். இதையெல்லாம் மேடம் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அன்று சாயங்காலமே என்னை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார்கள். கமிட்டி கூடி முடிவெடுக்கும் என்றார்கள்.

அந்த வாரங்களை எப்படிச் சொல்வேன்? வாசலில் சைக்கிள் நின்றாலே போலீஸ் என்று நினைப்பேன். தபால்காரர் எங்கள் வீட்டைத் தாண்டிப் போனால் மூச்சு வரும், கொஞ்ச நேரத்தில் ஏன் கடிதம் வரவில்லை என்று மறுபடி பயம் வரும். ஊசி ஆசை வந்தது. ஆமாம், வந்தது. ஐந்து வருஷத்தில் வராத அளவுக்கு வந்தது. சாமுவேல் லீவு போட்டுவிட்டு என்னோடு இருந்தார். காலையில் ஒரு ஜெபம், மத்தியானம் ஒன்று, விளக்கேற்றும்போது ஒன்று. "இந்த ஒரு மணி நேரத்தைக் கடத்தும்." அதற்குமேல் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. ஒவ்வொரு மணி நேரமும் கடந்தது.

ஒரு நாள் காலையில் வசந்தா வந்தாள், தனியாக. உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. வாசற்படியில் நின்றே பேசினாள்.

"நீ ஊசி போட்டுட்டேன்னு சொன்ன. நான் நம்பினேன். மூணு நாளும் அவர நான் திட்டினேன். அதான் ஊசி போட்டாச்சே, ஏன்யா பொம்பள மாரி கத்தற, மானம் போவுதுன்னேன். அத நான் யார்கிட்ட போய்த் திருப்பி வாங்கறது?"

அந்த வேலூர்ப் பெண்ணைப்போல, "எனக்குத் தெரியல வசந்தா" என்றேன்.

"ஸ்டேஷனுக்குப் போலாம்னுதான் கெளம்பினேன். அவரு வேணாம்ட்டாரு" என்றாள். "அதுக்காக மன்னிச்சுட்டோம்னு நெனச்சுக்காத." போய்விட்டாள்.

ஏழாவது வாரம் கமிட்டியிலிருந்து கடிதம் வந்தது. திறக்க முடியாமல் சாமுவேலிடம் கொடுத்தேன். வேலையில் தொடரலாம். மருந்து அலமாரியின் சாவி என் கைக்கு வரக் கூடாது. ஒரு வருஷம் மேடத்தின் மேற்பார்வையில் இருக்க வேண்டும். கமிட்டியில் இரண்டு பேர் எதிர்த்தார்களாம். அவர்கள்மேல் எனக்கு வருத்தமில்லை. அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் யோசித்திருப்பேன்.

அப்போதிலிருந்து என்னிடம் வருகிற ஒவ்வொரு குடும்பத்துக்கும் முதல் நாளே நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். எழுந்து போகிறவர்கள் உண்டு. போகட்டும். மற்றவர்கள் உட்கார்ந்து தங்கள் விஷயத்தைச் சொல்ல ஆரம்பிப்பார்கள்.

முனிரத்தினம் அண்ணன் அந்த வருஷக் கடைசியில் ஒருமுறை மறுபடி குடித்தார். தானே பஸ் ஏறி வந்து சேர்ந்தார். அதற்குப் பிறகு இந்த நான்கு வருஷமாகக் குடிக்கவில்லை. என்னிடம் அவர் பேசுவதில்லை. எதிரில் பார்த்தால் தலையைத் திருப்பிக்கொள்வார். அது அவருடைய உரிமை என்று நான் விட்டுவிட்டேன். ஆனால் போன மாதம் அவருடைய டேனரியிலிருந்து ஒருவர் வந்தார். யார் அனுப்பினது என்று கேட்டேன்.

"முனிரத்தினம் அண்ணன்தான்" என்றார். "அங்க ஹெலன்னு ஒரு அம்மா இருக்குது, அது எனக்குப் பண்ணத நான் சாவற வரைக்கும் மறக்க மாட்டேன்னாரு. ஆனா நீ அதுகிட்டயே போ, உன்ன ஏமாத்தாதுன்னாரு."

அந்த வார்த்தையை நான் மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ளவில்லை. வேலை என்று எடுத்துக்கொண்டேன். அந்த மனிதரை உட்காரச் சொல்லிப் பதிவேட்டைத் திறந்தேன்.

பிரியமானவர்களே, நான் கேட்ட ஜெபங்களில் ஆண்டவர் இரண்டைத் தள்ளிவிட்டார். என் விஷயம் வெளியே வரக் கூடாது என்றேன், கடிதத்தில் வராமல் என் வாயாலேயே வந்தது. நான் வாய் திறக்காமல் காரியம் நடக்க வேண்டும் என்றேன், நடக்கவில்லை. அந்தத் திங்கட்கிழமை வேறு வார்த்தையே இல்லாமல் கூப்பிட்டேனே, அதற்குப் பதில் கொடுத்தார். அதற்காகத்தான் இன்றைக்கு நன்றி சொல்ல நிற்கிறேன். சாமுவேலுக்கும் உங்கள் எல்லோர் முன்னாலும் நன்றி சொல்லுகிறேன். அவர் மூன்றாவது வரிசையில் தலை குனிந்து உட்கார்ந்திருக்கிறார், நான் பெயரைச் சொன்னது அவருக்குப் பிடித்திருக்காது.

எனக்கு இன்னும் பயம் இருக்கிறது. ஆராதனை முடிந்து வெளியே போகும்போது உங்களில் சிலர் என்னோடு பேச மாட்டீர்கள். ஞாயிறு பள்ளியில் என் வகுப்புக்கு அடுத்த வாரம் பிள்ளைகள் குறையலாம். தெரிந்துதான் வந்தேன்.

ஆனால் இந்தக் கூட்டத்தில் யாரோ ஒருவர் என்னைப்போலவே ஒன்றை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். பாட்டிலோ மாத்திரையோ ஊசியோ, எனக்குத் தெரியாது. வெளியே வந்துவிடக் கூடாது என்றுதான் ஜெபம் செய்துகொண்டிருப்பீர்கள். நானும் அதையே செய்தேன். அந்த ஜெபத்தை விட்டுவிட்டு, அப்பா, என்னைக் காப்பாற்றும் என்று மட்டும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். அவர் கைவிட மாட்டார். கேட்டுவிட்டு ஒரு ஆளிடமாவது சொல்லுங்கள். சொல்ல ஆள் இல்லையென்றால், ஆராதனை முடிந்ததும் நான் வேப்பமரத்தடியில் நின்றிருப்பேன்.